அப்பாவுக்கு டோனெபெசில்: ஆறு மாத அனுபவம்

அப்பாவுக்கு அல்சைமர் என்று சொல்லி டாக்டர் டோனெபெசில் 5 மி.கி. எழுதிக் கொடுத்து ஆறு மாதம் ஆகிறது. போன நினைவெல்லாம் திரும்பி வரும் என்று வாங்கினால் ஏமாற்றம்தான், இது நோயை நிறுத்தாது. கவனத்துக்கும் நினைவுக்கும் மூளையில் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் வேண்டும், அதைச் சுரக்கும் நரம்பணுக்கள் இந்த நோயில் அழிந்துகொண்டே போகின்றன, மிச்சமிருப்பவை சுரப்பதை ஒரு நொதி உடனே உடைத்துவிடாமல் மாத்திரை தடுக்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் பேப்பரை எடுத்தால் தலைப்போடு கீழே வைத்துக்கொண்டிருந்தவர், இப்போது பாதிச் செய்தியாவது படிக்கிறார். என்னை மட்டும் இன்னும் சில நாள் தம்பி பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்.

முதல் இரண்டு வாரம் குமட்டல், வயிற்றுப்போக்கு. ராத்திரி போட்டால் கன்னாபின்னாவென்று கனவு, டாக்டரைக் கேட்டு காலைக்கு மாற்றினோம். நடுவில் சளிக்கென்று மருந்துக்கடையில் கொடுத்த, தூக்கம் வரவைக்கும் மாத்திரையால் இரண்டு நாள் ஒரே குழப்பம். அது அதே அசிட்டைல்கோலினை வேலை செய்யவிடாத ரகமாம்! அப்புறம், நாடித்துடிப்பு குறைவாக இருப்பவர்கள் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஐந்துக்கு மூன்று ஸ்டார்.