பழைய ஐமேக்கிற்கு வெளியிலிருந்து ஓர் உயிர்: சாம்சங் டி5 எஸ்எஸ்டி

2012ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ஆப்பிளின் 21.5 அங்குல ஐமேக் கணினி ஒன்று எங்கள் வீட்டில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது. அதன் திரையிலும் செயலியிலும் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் உள்ளே நிமிடத்துக்கு 5400 சுற்றுச் சுழலும் ஹார்ட் டிஸ்கில்தான். பொத்தானை அழுத்திவிட்டுப் போய்க் காபி கலந்து எடுத்து வந்தாலும், திரையில் அந்த வண்ணச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

உள்ளிருக்கும் டிஸ்கை மாற்றிவிடலாம் என்றால், அந்த ஆண்டிலிருந்துதான் ஐமேக்கின் கண்ணாடியைச் சட்டத்தோடு ஒட்டுப்பட்டையால் ஒட்டத் தொடங்கினார்கள். பட்டையை அறுத்துத் திரையைப் பிரித்தெடுத்து, வேலை முடிந்ததும் புதுப் பட்டை போட்டு ஒட்ட வேண்டும். நடுவில் கை தவறினால் திரையே போய்விடும். அந்தத் துணிச்சல் எனக்கு இல்லாததால், வெளியிலிருந்து யூஎஸ்பி கேபிளில் இணைக்கும் 500 ஜிபி சாம்சங் டி5 எஸ்எஸ்டியை (சுழலும் பாகம் இல்லாத சேமிப்பகம்) வாங்கி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கும்படி அமைத்துக்கொண்டேன்.

2017இல் அறிமுகமான டி5, 51 கிராம் எடையுள்ள உலோகப் பெட்டி. சட்டைப் பையில் வைத்தால் இருப்பதே தெரியாது. நொடிக்கு 540 எம்பி வரை படிக்கும் என்கிறது நிறுவனம். ஆனால் இந்த ஐமேக்கின் யூஎஸ்பி 3.0 துளை நொடிக்கு 5 ஜிகாபிட்டுக்கு மேல் தாங்காது என்பதால், நடைமுறையில் 400 எம்பியை ஒட்டியே கிடைக்கும். பழைய டிஸ்க் 100 எம்பியைத் தொடவே திணறும் என்பதை நினைத்தால் அதுவே பெரிய வரம். அதைவிட முக்கியம், அங்குமிங்கும் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி, ஹார்ட் டிஸ்கில்போல் படிக்கும் ஊசி அலைய வேண்டிய வேலை எஸ்எஸ்டியில் இல்லை. கணினி சுறுசுறுப்பானதுபோல் நமக்குத் தோன்றுவது பெரும்பாலும் இதனால்தான். 2020இல் வந்த டி7 இதைவிட இரு மடங்கு வேகமானது என்றாலும், இந்தக் கணினியில் அந்தக் கூடுதல் வேகத்துக்கு வழியில்லை.

அமைக்கும் முறையில் ஓர் இடத்தில் பலரும் தடுமாறுகிறார்கள். டி5 எக்ஸ்ஃபேட் என்னும் கோப்பு வடிவில் வருகிறது. அதில் ஐமேக்கின் இயங்குதளமான மேக்ஓஎஸ்ஸை நிறுவ முடியாது. கமாண்டும் ஆர் விசையும் அழுத்தித் தொடங்கி டிஸ்குகளை நிர்வகிக்கும் டிஸ்க் யூட்டிலிட்டிக்குள் போனால், பட்டியலில் டிஸ்கின் உட்பிரிவு மட்டுமே தெரியும். 'வியூ' பட்டியலில் எல்லாச் சாதனங்களையும் காட்டச் சொன்ன பிறகே அதன் தாய்ச் சாதனம் மேலே தோன்றும். அதைத் தேர்ந்தெடுத்து அழித்தால்தான் டிஸ்கைப் பிரிக்கும் ஜியுஐடி பகிர்வு முறையைக் கேட்கும். அதையும் ஆப்பிளின் ஏபிஎஃப்எஸ் கோப்பு வடிவையும் கொடுத்துவிட்டால், மேக்ஓஎஸ்ஸின் கேட்டலினா பதிப்பு மறுபேச்சில்லாமல் ஏறிவிடுகிறது. ஐமேக்கின் இந்த மாடலுக்கு அதிகாரபூர்வமாகக் கிடைக்கும் கடைசிப் பதிப்பு அதுதான். 2022க்குப் பிறகு அதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வருவதில்லை என்பதால், வங்கி வேலைகளை நான் இதில் செய்வதில்லை.

நிறுவி முடித்து, தொடக்க ஒலி கேட்டதும் ஆப்ஷன் விசையை அழுத்திப் பிடித்தேன். சாம்பல் நிறத்தில் உள் டிஸ்கும், பக்கத்திலேயே ஆரஞ்சு நிறத்தில் டி5உம் வந்து நின்றன. ஆரஞ்சைத் தேர்ந்தெடுத்து உள்ளே போனபின், 'ஸ்டார்ட்அப் டிஸ்க்' அமைப்பில் அதையே நிரந்தரமாக்கிவிட்டால் ஒவ்வொரு முறையும் விசையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

முதல் இரண்டு நாள் வேகம் நான் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. கணினி விவரப் பக்கத்தில் யூஎஸ்பி பகுதியைத் திறந்து பார்த்தால், டி5க்கு எதிரே 480 மெகாபிட் என்றிருந்தது. பெட்டியோடு வந்த கேபிளை எங்கோ வைத்துவிட்டு, கைக்குக் கிடைத்த ஃபோன் சார்ஜர் கேபிளைச் செருகியிருக்கிறேன். அது யூஎஸ்பி 2.0 கேபிள். உரிய கேபிளைத் தேடி மாற்றியதும் 5 ஜிகாபிட் என்று காட்டியது. இப்படி அமைத்தும் மெதுவாக இருக்கிறது என்று வருந்துபவர்கள் முதலில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும்.

குறைகளும் உண்டு. யூஎஸ்பி வழியாக இணைத்த எஸ்எஸ்டிக்கு மேக்ஓஎஸ் டிரிம் கட்டளையை (அழித்த கோப்புகளின் இடம் காலியாகிவிட்டது என்று டிஸ்குக்குச் சொல்வது) அனுப்புவதில்லை. ஆகவே டிஸ்க் நிரம்ப நிரம்ப எழுதும் வேகம் குறையக்கூடும். நான் கால்வாசி இடத்தைக் காலியாகவே வைத்திருக்கிறேன். தண்டர்போல்ட் என்னும் வேறு வகைத் துளையில் இணையும் டிஸ்குகளில் இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் விலை மிக அதிகம். இன்னொன்று, கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது கேபிள் கழன்றால் எல்லாம் அப்படியே உறைந்துவிடும். துளைகள் பின்புறம் இருப்பதால் மேசையைத் துடைக்கும்போது கை படுவது எளிது. ஆகவே டி5ஐ ஐமேக்கின் காலுக்குப் பின்னால் இரட்டைப் பக்க ஒட்டுநாடாவால் ஒட்டி, கேபிளைத் தளர்வாக விட்டிருக்கிறேன்.

பழைய உள் டிஸ்கை முழுவதும் அழித்து, மேக்ஓஎஸ்ஸின் காப்புப்படி வசதியான டைம் மெஷினுக்குக் கொடுத்துவிட்டேன். மணிக்கொரு முறை டி5இல் மாறியவற்றைப் படியெடுத்துக்கொள்ளும் அந்த வேலைக்கு அதன் வேகம் தாராளமாகப் போதும்.