மெர்லின் ஆப்: போட்டோ இல்லாமல் உள்ளான் கண்டுபிடிக்க எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

பறவைகளை அடையாளம் காட்டும், கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் ஆப் இலவசம். விளம்பரத் தொல்லை கிடையாது. நம் பகுதிக்கான பறவைத் தொகுப்பை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் போன உப்பளத்திலும் ஓடும். மீன்கொத்தி, பனங்காடை மாதிரிப் பளிச்சென்ற பறவைகளை அது சொல்லிவிடும் என்பது தெரிந்த கதை. இங்கே சோதிப்பது ஒரே ஒரு வேலையை. டிசம்பர், ஜனவரியில் கோடியக்கரை, பழவேற்காடு, மன்னார் வளைகுடாப் பக்கம் கூட்டமாக மேயும் உள்ளான், உப்புக்கொத்தி மாதிரிச் சின்னக் கரைப்பறவைகளை, படம் எதுவும் எடுக்காமல், ஞாபகத்தை மட்டும் வைத்துப் பெயர் கண்டுபிடிப்பது. அதற்கென்று ஆப்பில் இருப்பது கேள்வி பதில் பகுதி.

எங்கே பார்த்தீர்கள், எந்தத் தேதி, எவ்வளவு பெரிது, என்ன நிறம், என்ன செய்துகொண்டிருந்தது என்று ஐந்து கேள்விகள். முதல் இரண்டில்தான் மெர்லினின் பலம். பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதிவிடும் இபேர்ட் தளத்தில் குவிந்திருக்கும் பதிவுகளைப் பார்த்து, அந்த இடத்தில் அந்த வாரத்தில் வரக்கூடியதை மேலே கொண்டுவரும். பறவைக் கையேட்டில் மற்ற உள்ளான்களோடு ஒரே பக்கத்தில் இருக்கிறதே என்று டன்லினை (அதுவும் ஒரு உள்ளான்தான்) சந்தேகப்படுபவருக்கு இது நல்ல கடிவாளம். குஜராத் கரையில் டன்லின் சாதாரணம், தமிழகக் கரையில் அபூர்வம். அதனால் ஊரையும் தேதியையும் தோராயமாகப் போடாதீர்கள். மூன்று மாதம் கழித்து உட்கார்ந்து நிரப்பும்போது இன்றைய தேதியை அப்படியே விட்டுவிட்டால் பட்டியலே மாறிவிடும்.

மீதி மூன்று கேள்விகளில் சறுக்கல் ஆரம்பம். அளவுக்குக் குருவி, ராபின், காகம், கூஸ் (பெரிய வாத்து) என்று ஒரு வரிசை காட்டும். அந்த ராபின் அமெரிக்க ராபின், ஏறக்குறைய நம் மைனா அளவு. நம்மூர் கருஞ்சிட்டை மனத்தில் வைத்துப் பதில் சொன்னால் அளவு ஒரு படி தப்பும். கொசு உள்ளான் 12–14 செ.மீ., ஆகவே குருவி அல்லது அதைவிடச் சிறியது. கர்லூ சாண்ட்பைப்பர் என்ற உள்ளான் 18–23 செ.மீ., குருவிக்கும் ராபினுக்கும் நடுவில். தனியாக நிற்கும் பறவையின் அளவை வெட்டவெளிச் சேற்றில் யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. பக்கத்தில் பவளக்காலி (சிவந்த கால்களுள்ள இன்னொரு கரைப்பறவை) நின்றதா என்று பாருங்கள். அதன் நீளத்தில் பாதி இருந்தால் கொசு உள்ளான் பக்கம் போகலாம்.

நிறக் கேள்வி குளிர்காலத்தில் கிட்டத்தட்ட வீண். மூன்று நிறம் வரை தேர்ந்தெடுக்கலாம், ஆனால் மேலே சாம்பல்பழுப்பு, கீழே வெள்ளை என்பது பள்ளிச் சீருடை மாதிரி எல்லாவற்றுக்கும் பொது. செம்மை தெரிந்தால் மட்டும் அதைச் சேருங்கள். வலசை வந்த புதிதிலும் ஏப்ரலில் கிளம்பும் முன்பும் சிலவற்றில் அது இருக்கும். என்ன செய்தது என்ற கேள்வியில் 'தரையில்', 'நீந்துகிறது அல்லது நீரில் நடக்கிறது' இரண்டில் எது என்று குழம்பினால் இரண்டையும் தனித்தனியாகப் போட்டு ஓட்டிப் பார்ப்பது நல்லது.

உண்மையில் கேட்க வேண்டியதை ஆப் கேட்பதில்லை: அலகு தலையின் நீளத்தோடு ஒப்பிட எவ்வளவு, கால் என்ன நிறம், மேய்வது எப்படி, பறக்கும்போது வாலடி (முதுகு முடிந்து வால் தொடங்கும் மேல்பகுதி) வெள்ளையா. இந்த நான்கையும் களத்திலேயே நோட்டில் எழுதிக்கொண்டால், ஆப் தரும் பட்டியலில் ஒவ்வொரு பறவையாகத் தட்டிப் பொருத்திப் பார்க்கலாம்.

மேய்ச்சல் முறைதான் ஞாபகத்தில் நன்றாகத் தங்கும், அதில் தவறும் குறைவு. ஓடி, சட்டென்று நின்று, ஒரு கொத்து கொத்தினால் உப்புக்கொத்தி. நிற்காமல் மேற்பரப்பைப் படபடவென்று கொத்தினால் கொசு உள்ளான். வயிறு நனையும் ஆழத்தில் நின்று அலகை உள்ளே விட்டுத் துழாவினால் கர்லூ சாண்ட்பைப்பர். பறக்கும்போது வாலடி வெள்ளை தெரிந்தால் அதுவேதான். மணற்கரையில் பின்வாங்கும் அலையைத் துரத்தி ஓடி, அடுத்த அலைக்கு முன் திரும்பி ஓடும் வெளுத்த பறவை சாண்டர்லிங்.

கால் நிறத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. மஞ்சளாகவோ பச்சையாகவோ தெரிந்தால் நம்பலாம். டெம்மிங்க் உள்ளான் பக்கம் யோசிக்கலாம். கறுப்பாகத் தெரிந்தால் நம்பாதீர்கள். கருஞ்சேறு அப்பிய மஞ்சள் காலும் கறுப்புதான். அலகும் ஏமாற்றும்: நம்மைப் பார்த்து நிற்கும் கர்லூ சாண்ட்பைப்பரின் வளைந்த அலகு குட்டையாக, நேராகத் தெரியும். பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருங்கள். உப்புக்கொத்திகளில் பின்கழுத்தைப் பாருங்கள். வெள்ளை வளையம் முழுதாகச் சுற்றி வந்தால் கென்டிஷ் வகை, இல்லையென்றால் சாண்ட் ப்ளவர்.

போட்டோ அடையாளம் பறவை கிட்டத்தில் இருந்தால் நன்றாகவே வேலை செய்கிறது. ஒலி அடையாளத்தைக் கடற்காற்றில் நம்ப வேண்டாம். கலவைக் கூட்டத்தில் குரல் கொடுத்தது எது என்றே தெரியாது.

ஞாபகத்திலிருந்து தேடுவதற்கு ஐந்துக்கு மூன்று தரலாம். ஆனால் போகும் முன் 'எக்ஸ்ப்ளோர்' பகுதியில் ஊரையும் தேதியையும் போட்டு, வரக்கூடிய கரைப்பறவைகளைப் புரட்டிவிட்டுப் போவதற்கு ஐந்தும் தரலாம். மெர்லினை வாங்க வேண்டிய காரணமே இதுதான் (காசு கேட்டிருந்தாலும்).

ஒரு குறை. ஆப் ஒவ்வொரு முறையும் ஒரு இனத்தின் பெயரில்தான் கொண்டுபோய் நிறுத்துகிறது. லெஸ்ஸர் சாண்ட் ப்ளவரை 2023இல் இபேர்ட் பட்டியல் சைபீரியன், திபெத்தன் என்று இரண்டாகப் பிரித்துவிட்டது. குளிர்காலக் கோலத்தில் இவற்றை ஞாபகத்தை வைத்துப் பிரிக்க வழியில்லை. 'இது என் பறவை' பொத்தானை அழுத்தாமல், இபேர்டில் இரண்டு பெயரும் சாய்கோட்டோடு வரும் பதிவைத் தேர்ந்தெடுங்கள்.