குடியிருப்புக்குள் கார்னிவல்: ஊர்வலமா, முகமூடியா, வீட்டுவாசலா?

குடியிருப்பில் கார்னிவல், அதாவது வேடம் கட்டி ஆடிப்பாடும் தெருவிழா, நடத்தலாம் என்று பேச்சு எழுந்தவுடன், "யாரைக் கூப்பிடலாம்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். மேடை போடுகிறார்கள், ஆட்டக் குழு வருகிறது. பணம் கட்டியவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கலைகிறார்கள். அதைக் கார்னிவல் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. குடியிருப்பவர்களே வேடம் கட்டி இறங்கும் வழிகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஊர்வலம். லண்டனின் நாட்டிங் ஹில்லில் 1966-இல் ரோன் லாஸ்லெட் என்ற பெண்மணி அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்காக ஒரு தெருவிழா நடத்தினார். அதில் வாசிக்க வந்தவர் டிரினிடாட்காரரான ரஸ்ஸல் ஹெண்டர்சன். இரும்புப் பீப்பாயை வெட்டிக் குழிதட்டிச் செய்த ஸ்டீல்பேனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவருடைய குழு நின்ற இடத்தை விட்டு நடக்கத் தொடங்கியது. தெருவில் இருந்தவர்கள் பின்னாலேயே சேர்ந்துகொண்டார்கள். ஊர்வலத்தின் சூட்சுமமே அதுதான்: பார்க்க வந்தவரையும் நடக்க வைத்துவிடும். ஆனால் இன்று அந்த விழாவுக்கு லட்சக்கணக்கில் கூட்டம் கூடுகிறது. அந்தத் தெருவாசிகள் பலர் ஜன்னல்களுக்குப் பலகை அடித்துவிட்டு வெளியூர் போய்விடுகிறார்கள். குடியிருப்பில் ஊர்வலம் வேண்டுமென்றால் ஒரே ஒரு சுற்று, லாரியில் ஏற்றிய ஒலிபெருக்கி கிடையாது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும்.

பிரேசிலின் ரியோ நகரப் பாணிப் போட்டி இன்னொன்று. சாம்பா பள்ளிகள் என்று அழைக்கப்படும் நடனக் குழுக்கள் ஆண்டு முழுவதும் உழைத்து, 1984-இல் திறக்கப்பட்ட சம்பாட்ரோம் என்ற ஊர்வல அரங்கில் நடுவர்கள் முன் ஆடிச் செல்கின்றன. 'ஏ' பிளாக்குக்கும் 'பி' பிளாக்குக்கும் ஏற்கெனவே வண்டி நிறுத்துமிடத் தகராறு இருந்தால் இந்தப் பக்கமே போகாதீர்கள்.

வெனிஸ் பாணி முகமூடி இரவு கூச்சக்காரர்களுக்கு ஏற்றது. அங்கே பழைய காலத்து 'பவுத்தா' முகமூடியின் கீழ்ப்பகுதி முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். கழற்றாமலே சாப்பிடலாம், குரலும் மாறிவிடும். காகிதக்கூழால் வீட்டிலேயே செய்யலாம். காய்வதற்கு மட்டும் அவகாசம் வேண்டும். மூக்குக்கண்ணாடிக்காரர்கள் அரை மணி நேரத்தில் கழற்றி வைத்துவிடுவார்கள் என்பதுதான் குறை. காவலாளிக்கும் யார் யாரென்று தெரியாது. வாசலில் ஒருமுறை முகத்தைக் காட்டச் சொல்லலாம்.

என் ஓட்டு நான்காவது வழிக்கு. 2021-இல் கொரோனாவால் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் மார்டி கிரா என்ற கார்னிவலின் ஊர்வலங்கள் ரத்தாயின. ஊர்வலத்தில் வரும் அலங்கார வண்டிகளான ரதங்கள் தெருவுக்கு வரவில்லை. மக்கள் தங்கள் வீடுகளையே ரதங்களாக்கிவிட்டார்கள். ஆயிரக்கணக்கான வீட்டு முகப்புகளில் பெரிய பூக்கள், பொம்மைகள், ஊதா, பச்சை, தங்க நிறத் தோரணங்கள். வேலை இழந்திருந்த ரதக் கலைஞர்கள் சிலருக்கு வீட்டு அலங்காரத்தால் பிழைப்பும் கிடைத்தது. குடியிருப்புக்கு இதைவிடப் பொருத்தமானது எது? நடக்க முடியாத பாட்டியும் தன் வாசலில் உட்கார்ந்தபடியே பங்கெடுக்கலாம். பிடிக்காதவர் கதவைச் சாத்திக்கொண்டால் போதும். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

இதில் இல்லாதது ஒன்றே ஒன்று: எல்லோரும் கூடும் அந்த ஒரு கணம். அதை ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரத்திடம் கடன் வாங்கலாம். அங்கே கார்னிவல் தொடங்கும் திங்கட்கிழமை அதிகாலை 4 மணிக்குத் தெருவிளக்குகள் அணையும். வண்ணம் தீட்டிய விளக்குக் கூண்டுகளுடன் குழலும் முரசும் புறப்படும். அதிகாலை 4 மணி நமக்கு வேண்டாம், இரவு 7 மணி போதும். பொது விளக்குகளைப் பத்து நிமிடம் அணைத்து, வாசல் அலங்கார வெளிச்சத்தில் ஒரு சுற்று நடக்கலாம். மாடிப்படி விளக்குகளில் மட்டும் கை வைக்கக் கூடாது.