குழந்தையின்மைக்கு அரசுப் பணம்: பெரிய ஆஸ்பத்திரிக்கா, வட்டார நிலையத்துக்கா, காப்பீட்டு அட்டைக்கா?

கல்யாணமாகி ஆறு மாதம் தாண்டினால் போதும், "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று தெருவே கேட்கும். கேட்பவர் யாரும் செலவுக்குத் தருவதில்லை. கருமுட்டையையும் விந்தணுவையும் உடலுக்கு வெளியே ஆய்வகத்தில் சேர்த்துக் கருவாக்கும் ஐவிஎஃப் சிகிச்சை, தனியாரில் ஒரு சுற்றே லட்சத்தில்தான் தொடங்கும். ஒரே சுற்றில் கைகூடும் என்ற உறுதியும் கிடையாது. உலகில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு கட்டத்திலாவது இந்தச் சிக்கலைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. சரி, அரசு செலவு செய்யட்டும். எங்கே செய்வது?

முதல் வழி, பெரிய ஆஸ்பத்திரியில் ஐவிஎஃப் மையம். டெல்லி எய்ம்ஸில் இது பல ஆண்டுகளாக உண்டு. கோவா மருத்துவக் கல்லூரி 2023இல் இலவசமாகவே தொடங்கியது. தமிழ்நாட்டிலும் சென்னை எழும்பூர், மதுரை ராஜாஜி அரசு ஆஸ்பத்திரிகளுக்கு அறிவிப்பு வந்தது. கருவை வளர்க்கும் ஆய்வகத்தையும் அதற்கான நிபுணரையும் ஊருக்கு ஊர் வைக்க முடியாது என்பதால் இந்த மையங்கள் தேவைதான். ஆனால் சிகிச்சை இலவசமானாலும் பஸ் இலவசமில்லை. கருமுட்டை வளர்ச்சியைப் பார்க்க ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். செய்யாறு பக்கத்திலிருந்து கூலி வேலையை விட்டுவிட்டு எழும்பூருக்கு எத்தனை தடவை வர முடியும்? வருகிறவர்களிலும் பலருக்கு ஐவிஎஃப் தேவையே இருக்காது. அடிப்படைப் பரிசோதனையே நடக்காமல் வந்து வரிசையில் நிற்பார்கள்.

இரண்டாவது வழி, வட்டார ஆரம்ப சுகாதார நிலையங்கள். அங்கே எப்போதும் கர்ப்பிணிக்கு செக்கப், பிரசவம், காப்பர் டி, ஆணுறை, கருத்தடை ஆபரேஷனுக்கு ஆள் பிடிப்பது. இந்தியா 1952லேயே குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக்கியது. குழந்தை வேண்டாம் என்பவருக்கு எழுபது வருஷமாகக் கதவு திறந்திருக்கிறது. வேண்டும் என்று வருகிறவரிடம், "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போம்மா" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். இத்தனைக்கும் கிராம சுகாதார செவிலியர் கையில் தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு இருக்கிறது. எந்த வீட்டில் இரண்டு வருஷமாகியும் குழந்தை இல்லை என்று அவருக்குத் தெரியும். கருத்தடைக்காகத் திறக்கும் அதே பக்கத்தில் அந்தப் பெயரும் இருக்கும்.

முதல் கட்ட வேலை பெரிதாக ஒன்றுமில்லை. தைராய்டு, சர்க்கரை, ஒரு ஸ்கேன், கணவருக்கு விந்தணுப் பரிசோதனை. கடைசியாகச் சொன்னதில் ஒரு நடைமுறை விஷயம் உண்டு: மாதிரியை எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தாக வேண்டும், அதுவும் உடல் சூட்டிலேயே கொண்டுவந்து. மாவட்டத் தலைநகரில் மட்டும் ஆய்வகம் இருந்தால் கிராமத்து ஆணுக்கு அது எட்டாது. எண்ணுவதற்குத் தேவைப்படும் நியூபாயர் கண்ணாடித் தகடோ ரத்த அணுக்களை எண்ணப் பயன்படும் அதே தகடுதான். ஆய்வக நுட்பநருக்குப் பயிற்சியும், உள்ளிருந்து தாழ்போடக்கூடிய ஓர் அறையும் வேண்டும். அந்த அறைதான் பல இடங்களில் இல்லை.

அப்புறம் மருந்து. பிசிஓடி என்ற ஹார்மோன் கோளாறால் கருமுட்டை வெளிவராதவர்களுக்கு முதலில் தருவது லெட்ரோசோல் மாத்திரை. ஐவிஎஃப் செலவோடு பார்த்தால் அதன் விலை ஒன்றுமே இல்லை. டிபி கருப்பையையும் கருக்குழாயையும் தாக்கும் என்பது பலருக்குத் தெரியாது. டிபி மருந்து ஏற்கெனவே இலவசம், சீக்கிரம் கண்டுபிடித்தால் குழாய் தப்பலாம். முழுதாக அடைத்துவிட்டால் ஐவிஎஃப்தான்.

குறைகளும் உண்டு. உள்ளூரில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். ரிப்போர்ட் வீட்டுக்கு வரும் முன் செய்தி மாமியார் காதுக்குப் போய்விடும். விந்தணுவை நேரடியாகக் கருப்பைக்குள் செலுத்தும் ஐயூஐ சிகிச்சை செய்ய, செயற்கைக் கருத்தரிப்பு பற்றிய 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல்நிலை கிளினிக்காகப் பதிவு வேண்டும். அதை தாலுகா ஆஸ்பத்திரிக்கு விட்டுவிடலாம்.

மூன்றாவது வழி, காப்பீடு. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் குழந்தையின்மைச் சிகிச்சை விலக்குப் பட்டியலில் இருக்கிறது. அதைச் சேர்த்துவிட்டால் வீட்டுக்குப் பக்கத்துத் தனியார் மையத்திலேயே முடித்துக்கொள்ளலாமே என்பது வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவு என்று பேக்கேஜாகப் பணம் தந்தால், பெரிய பேக்கேஜ்தான் முதலில் நடக்கும். ஏழைகளுக்கான காப்பீட்டுப் பணத்துக்காக பீகார், சத்தீஸ்கர் தனியார் ஆஸ்பத்திரிகளில் தேவையில்லாமல் கருப்பையை அகற்றினார்கள் என்ற புகார் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023இல் தீர்ப்பும் வந்தது. மாத்திரையில் தீரக்கூடியவரை ஐவிஎஃப்புக்கு ஏற்றிவிட மாட்டார்கள் என்று யார் உத்தரவாதம் தருவது?

எந்த வழியானாலும் எத்தனை சுற்று, எந்த வயது வரை என்று எழுதி வைக்க வேண்டும். இஸ்ரேலில் 45 வயது வரை, இரண்டு குழந்தை பிறக்கும் வரை அரசு செலவு செய்கிறது. பிரிட்டனில் 40 வயதுக்குக் கீழே மூன்று சுற்று என்பது பரிந்துரை. இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஒன்றுதான் கிடைக்கிறது, ஸ்காட்லாந்தில் மூன்று.

என்னிடம் பணம் கொடுத்தால் வட்டார நிலையத்துக்குத்தான் முதலில் ஒதுக்குவேன், மிச்சம் எழும்பூருக்கும் மதுரைக்கும். கூடவே ஒரு விதி போடுவேன்: கணவரின் விந்தணு ரிப்போர்ட் ஃபைலில் இல்லாமல் எந்தப் பெண்ணையும் ஐவிஎஃப் மையத்துக்கு அனுப்பக் கூடாது. "எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று வாசலில் பைக்கிலேயே உட்கார்ந்திருக்கும் ஆணும் அப்போது உள்ளே வந்தாக வேண்டும்.