லெஸ்டர் ஸ்கொயர் டிக்கெட் கவுன்ட்டர்: ஜோடியாகப் போகிறவர்களுக்கு

லண்டனில் நாலைந்து நாள் தங்கப்போகும் தம்பதியர் மியூசியத்தையும் ஷாப்பிங்கையும் முதலில் எழுதிவிட்டு, மிச்சமிருக்கும் ஏதோ ஒரு மாலையில் நாடகத்தைச் செருகுவார்கள். இதைத் தலைகீழாகச் செய்வது நல்லது. மியூசியங்கள் எங்கும் ஓடிவிடாது, பெரியவை பலவற்றுக்கு நுழைவுக் கட்டணமும் கிடையாது. அடம்பிடிப்பது நாடக டிக்கெட்தான். அதை மலிவாக வாங்க நெடுங்காலமாக இருக்கும் வழி, லெஸ்டர் ஸ்கொயர் பூங்காவின் தெற்கு ஓரத்தில் உள்ள டி.கே.டி.எஸ். கவுன்ட்டர். லண்டன் நாடக அரங்குகளுக்கான சங்கமே 1980 முதல் இதை நடத்துகிறது. ஆகவே ஏமாற்று வேலை இல்லை. ஆனால் என்ன கேட்க வேண்டும் என்று தெரியாமல் போனால், பாதி விலை கொடுத்துத் தூணைப் பார்த்துவிட்டு வரலாம்.

அன்றைய காட்சிக்கும் அடுத்து வரும் ஓரிரு நாள் காட்சிகளுக்கும் அரங்குகள் ஒதுக்கும் இடங்கள் இங்கே வரும். என்ன நாடகம், என்ன விலை என்ற பட்டியல் இணையத்திலும் தெரியும். விடுதியிலேயே பார்த்துவிட்டுக் கிளம்பலாம். எல்லாமே அரைவிலை இல்லை. சிலவற்றுக்குக் கால் பங்கு குறையும். கூட்டம் அள்ளும் நாடகங்கள் முழு விலைக்கே கிடைக்கும், அல்லது பட்டியலிலேயே இருக்காது. அந்த அரங்கின் சொந்த இணையதளத்தில் அதே இருக்கை என்ன விலை என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது அவசியம். சில நாள் அங்கேயே குறைவாக இருக்கும். சதுக்கத்தைச் சுற்றி ‘அரைவிலை’ என்று பலகை மாட்டிய கடைகளும் உண்டு. அவை இந்தக் கவுன்ட்டரோடு சம்பந்தம் இல்லாதவை. ஸ்டார் என்ற டிக்கெட் விற்பனையாளர் சங்கத்தின் முத்திரை இல்லாத கடையைத் தாண்டிப் போய்விடுங்கள்.

இருவருக்கு ஒரு சிக்கல் உண்டு. தனியாளுக்கு நடுவரிசையில் அருமையான ஒற்றை இடம் மாட்டும். அடுத்தடுத்து இரண்டு என்றதும் தேர்வு சட்டென்று சுருங்கும். அதனால் மதியத்துக்கு முன் போவதே மேல். கவுன்ட்டரில் ‘ரெண்டு டிக்கெட்’ என்று மட்டும் சொல்லாமல் எந்தத் தளம், எந்த வரிசை, மறைப்பு உண்டா, முழு விலை எவ்வளவு என்ற நாலையும் கேளுங்கள்.

தளங்களின் பெயர் நம்மவர்களை நன்றாகக் குழப்பும். நம்மூர் சினிமா தியேட்டரில் பால்கனி என்றால் உசத்தி. அங்கே பால்கனி என்பது கூரைக்கு அடியில், படியேறி மூச்சு வாங்கும் கடைசித் தளம். தரைத்தளம் ஸ்டால்ஸ், அதற்கு மேல் டிரெஸ் சர்க்கிள், பிறகு அப்பர் சர்க்கிள், உச்சியில் பால்கனி. டிரெஸ் சர்க்கிளின் முதல் நாலைந்து வரிசைகள் பொதுவாக மிகச் சிறந்தவை. மேடை முழுவதும் தெரியும், ஆடுபவர்களின் முகமும் தெரியும். ஸ்டால்ஸின் பின்வரிசைகளில் தலைக்கு மேல் அடுத்த தளத்தின் அடிப்பகுதி வந்து நிற்கும். மேடையில் உயரத்தில் நடப்பது எதுவும் கண்ணில் படாது. அப்பர் சர்க்கிளின் முதல் வரிசை ஆசை காட்டும், ஆனால் பாதுகாப்புக் கம்பி சரியாகக் கண்மட்டத்தில் குறுக்கே ஓடலாம். இந்த அரங்குகளில் பல, 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கட்டியவை. இரும்புத் தூண்களும், முழங்கால் இடிக்கும் வரிசைகளும், லிஃப்ட் இல்லாத மாடிகளும் சகஜம். கால் நீளமானவர் நடைபாதை ஓர இருக்கையைக் கேட்கலாம். மறைப்புள்ள இருக்கை என்று டிக்கெட்டிலேயே போட்டிருந்தால், விலை குறைவதற்கு அதுதான் காரணம். சீட்பிளான் என்ற தளத்தில் அந்தந்த இருக்கையிலிருந்து எடுத்த படங்கள் கிடைக்கின்றன. பணம் கட்டுமுன் போனில் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

பிரிட்டிஷ் உச்சரிப்பு காதில் பிடிபடாது என்று தயங்குபவர்கள் இசை நாடகத்தை எடுக்கலாம். வசனங்கள் திரையில் ஓடும் ‘கேப்ஷன்’ காட்சிகளும் உண்டு, தேதியைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

எந்த நாள்? திங்கள் முதல் வியாழன் வரை. வெள்ளியும் சனியும் அரங்கு தானாகவே நிறையும், தள்ளுபடி சுருங்கும். வெள்ளி மாலைக்கு வேறு உபயோகம் இருக்கிறது. விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் அன்று இரவு 10 வரை திறந்திருக்கும். பிரிட்டிஷ் மியூசியம் 8.30 வரை, நேஷனல் கேலரி 9 வரை. மற்ற நாளில் பிரிட்டிஷ் மியூசியம் மாலை 5க்கே மூடிவிடும், நாடகமோ பொதுவாக 7.30க்குத்தான் தொடங்கும்.

பிரிட்டிஷ் மியூசியத்தில் மம்மிகளைப் பார்க்க எல்லோரும் முண்டியடிப்பார்கள். நீங்கள் 33ஏ அறைக்குப் போங்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஆந்திராவின் அமராவதித் தூபியின் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள். 1845இல் வால்டர் எலியட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி தோண்டியெடுத்து, சென்னையில் வெயிலிலும் மழையிலும் கிடந்து, 1859இல் லண்டனுக்குக் கப்பலேறியவை. எழும்பூர் மியூசியத்தில் அமராவதிச் சிற்பங்களைப் பார்த்தவர்களுக்கு, பிரிந்துபோன உடன்பிறப்பைப் பார்ப்பது போலிருக்கும். முன்வாசலில் பை சோதனைக்கு வரிசை வளைந்து நின்றால், பின்புறம் மாண்டேகு பிளேஸ் வாசலை முயன்று பாருங்கள். சக்கரம் வைத்த பெட்டியை உள்ளே விட மாட்டார்கள்.

ஷாப்பிங்கை நாடக நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். நாலு பை நிறையப் பொருளோடு அந்தக் குறுகிய வரிசைக்குள் நுழைவது வதை. சுற்றுலாப் பயணிக்கு வாட் வரி திரும்பக் கிடைக்கும் என்ற பழைய கணக்கையும் மறந்துவிடலாம். இங்கிலாந்தில் 2021 ஜனவரியோடு அது போயிற்று. வெளிநாட்டு முகவரிக்குக் கடையே நேராக அனுப்பினால் மட்டும் வரியில்லாமல் வாங்க முடியும். விலைச்சீட்டில் இருப்பது 20 சதவீத வரியும் சேர்ந்த தொகை, அதைத்தான் ரூபாயில் பெருக்க வேண்டும். ஞாயிறன்று பெரிய கடைகள் ஆறு மணி நேரம்தான் விற்கலாம் என்பது சட்டம், ஆகவே ஆக்ஸ்போர்டு ஸ்ட்ரீட்டுக்கு அன்று அதிகாலையில் போய் நிற்காதீர்கள். ஒரே ஒரு கடை என்றால் லிபர்ட்டி. 1924இல் இரண்டு பழைய போர்க்கப்பல்களின் மரத்தைக் கொண்டு எழுப்பிய கட்டடம். அவர்களுடைய ‘டானா லான்’ பருத்தித் துணி மீட்டர் கணக்கில் கிடைக்கும். மல் துணி போல மெலிசு, சிறு பூ அச்சு. அகலம் 136 சென்டிமீட்டர் என்பதால் ரவிக்கைக்கு ஒரு மீட்டரே தாராளம்.

சாப்பாட்டை நாடகத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். அரங்குகளைச் சுற்றியுள்ள உணவகங்கள் மாலையில் ‘ப்ரீ தியேட்டர் மெனு’ என்று இரண்டு, மூன்று வகைகளை ஒரே விலைக்குத் தரும். உட்காரும்போதே 7.30 காட்சி என்று சொல்லிவிட்டு, ஆறே முக்காலுக்குப் பில் கேளுங்கள். பில்லில் 12.5 சதவீத சேவைக் கட்டணம் பெரும்பாலும் சேர்ந்தே வரும். அதைக் கவனிக்காமல் மேலே டிப்ஸ் வைப்பது இரட்டைச் செலவு. குழாய்த் தண்ணீர் என்று கேட்டால் இலவசம், வெறும் ‘வாட்டர்’ என்றால் பாட்டில் வந்துவிடும். தோசை, பேல்பூரி இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு யூஸ்டன் பக்கத்தில் டிரம்மண்ட் ஸ்ட்ரீட். பிரிட்டிஷ் மியூசியத்திலிருந்து நடக்கிற தூரம்தான், யூஸ்டனிலிருந்து நார்தர்ன் தடத்துச் சுரங்க ரயிலில் நாலாவது நிறுத்தம் லெஸ்டர் ஸ்கொயர்.

ரயில் நிலைய வாசலில் தட்டிக் கட்டணம் செலுத்த ஆளுக்கொரு கார்டு வேண்டும், ஒரே கார்டை இருவர் தட்ட முடியாது. போனில் தட்டி ஏறி, கார்டில் தட்டி இறங்கினால் முடிவடையாத இரண்டு வேறு பயணமாகக் கணக்காகி அதிகபட்சக் கட்டணம் விழும். லெஸ்டர் ஸ்கொயரிலிருந்து கோவென்ட் கார்டனுக்கு ரயில் ஏறுவது வீண் செலவு. சுமார் 260 மீட்டர் தூரம், இறங்கியதும் லிஃப்டுக்குக் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் 193 படி ஏற வேண்டும். அந்த நேரத்துக்கு நடந்தே போய்விடலாம்.

அரங்குக்கு ஏழே கால் மணிக்குள் போய்விட வேண்டும். தாமதமாக வருபவரை, நாடகத்தில் இடைவெளி வரும் வரை வெளியே நிறுத்திவிடுவார்கள். இடைவேளை பதினைந்து இருபது நிமிடம்தான், அதில் பெரும்பகுதி பெண்கள் கழிப்பறை வரிசையிலேயே போய்விடும். விளக்கு எரிந்ததும் எழுந்து ஓடுபவருக்குத்தான் ஐஸ்கிரீம் கப்பும் கிடைக்கும்.