1914–1945 ஐரோப்பா: தலைவர்கள் வழியாகவா, நாடு நாடாகவா, ஒரே ஊரிலிருந்தா?

இரண்டு உலகப் போர்கள், ஒரு புரட்சி, நான்கு பேரரசுகளின் சரிவு, ஒரு பெரும் பொருளாதார வீழ்ச்சி, ஒரு டஜனுக்கும் மேற்பட்ட சர்வாதிகார ஆட்சிகள். ஐரோப்பா முப்பத்தோரு ஆண்டுகளில் பார்த்தது இவ்வளவு. இதைப் படிக்க உட்காருகிறவர்கள் பொதுவாக மூன்று வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார்கள்: சர்வாதிகாரிகளின் வாழ்க்கை வரலாறு, நாடு நாடாகப் படிப்பது, கைமாறிக்கொண்டே இருந்த ஒரு நகரத்தில் நின்றுகொண்டு சுற்றிலும் பார்ப்பது. என் ஓட்டு மூன்றாவதற்கு. ஆனால் மற்ற இரண்டையும் லேசில் தள்ளிவிட முடியாது.

தலைவர்கள் வழியில்தான் பெரும்பாலோர் நுழைகிறார்கள். ஹிட்லர், ஸ்டாலின், முசோலினி என்று மூன்று பேரைப் பின்தொடர்ந்தால் கதை தானாக ஓடும். சில இடங்களில் இந்த வழியை விட்டால் வேறு வழியும் இல்லை. ஜெர்மனி தாக்கப்போகிறது என்று எச்சரிக்கைக்கு மேல் எச்சரிக்கை வந்தும் 1941 ஜூனில் ஸ்டாலின் ஏன் நம்ப மறுத்தார்? அதற்கு ஸ்டாலினைத்தான் படிக்க வேண்டும்.

ஆனால் முக்கியமான கேள்வியில் இந்த வழி கைவிட்டுவிடுகிறது. 1928 தேர்தலில் நாஜிக் கட்சிக்குக் கிடைத்தது 2.6 சதவீத வாக்கு. 1932 ஜூலையில் 37 சதவீதத்தைத் தாண்டியது. ஹிட்லர் அதே ஆள்தான், வெறுப்பும் அதே வெறுப்புதான். இடையில் மாறியது நாடு. 1931 மே மாதம் வியன்னாவின் மிகப் பெரிய வங்கி முறிந்தது, அந்த நெருக்கடி ஜெர்மன் வங்கிகளையும் பிடித்தது, 1932 தொடக்கத்தில் ஜெர்மனியில் வேலையில்லாதோர் 60 லட்சம் பேர். வாழ்க்கை வரலாற்றில் இதெல்லாம் பின்னணியாக இரண்டு பக்கத்தில் கடந்துபோகும்.

இன்னொரு குறையும் உண்டு. போலந்தில் 1926 மே மாதம் பில்சூட்ஸ்கி ராணுவத்தோடு வந்து ஆட்சியைப் பிடித்தார். அதே ஆண்டு டிசம்பரில் லிதுவேனியா. 1929இல் யூகோஸ்லாவிய மன்னர் அரசியல் சட்டத்தையே ரத்து செய்தார். 1934இல் எஸ்தோனியா, லாட்வியா, 1936இல் கிரீஸ், 1938இல் ருமேனியா. இவர்களில் பலரிடம் கூட்டத்தை மயக்கும் பேச்சும் கிடையாது, பெரிய சித்தாந்தமும் கிடையாது. அப்படியும் ஜனநாயகம் வரிசையாக விழுந்தது. மூன்று பேரை மட்டும் படித்தவருக்கு இந்த வரிசையே கண்ணில் படாது.

நாடு நாடாகப் படித்தால் இந்த வரிசை பிடிபடும். அதிகாரம் உண்மையில் எந்த அறையில் கைமாறியது என்பதும் தெரியும். 1922இல் முசோலினியின் ஆட்கள் ரோமை நோக்கி வந்தபோது, 1921 தேர்தலில் அவர் கட்சி பெற்றிருந்தது 535 இடங்களில் வெறும் 35. ராணுவச் சட்டத்தில் கையெழுத்திட மறுத்து அவரை அழைத்துப் பிரதமராக்கியவர் மன்னர். ஜெர்மனியிலும் 1932 நவம்பர் தேர்தலில் நாஜிகள் சுமார் 20 லட்சம் வாக்குகளை இழந்து இறங்குமுகத்தில் இருந்தார்கள். அவனை நாங்கள் கட்டுப்படுத்திக்கொள்வோம் என்று நம்பிய பழமைவாதிகள்தான் 1933 ஜனவரி 30 அன்று ஜனாதிபதி ஹிண்டன்பர்க் கையால் ஹிட்லரைப் பிரதமராக்கினார்கள். தெருச் சண்டையை மட்டும் பார்க்கிறவர் இந்தப் பேரத்தைத் தவறவிடுவார். நாடுவாரிப் படிப்பின் பெரிய பலம் இதுதான்.

பலவீனம் எல்லைக்கோடு. 1923 லோசான் ஒப்பந்தத்தால் அனதோலியாவின் சுமார் 12 லட்சம் கிறிஸ்தவர்கள் கிரீஸுக்கும், கிரீஸின் சுமார் நான்கு லட்சம் முஸ்லிம்கள் துருக்கிக்கும் போனதாகக் கணக்கானது. இது எந்த நாட்டின் வரலாறு? நாடுவாரி அத்தியாயங்களுக்கு நடுவில் இப்படிப்பட்ட மனிதர்கள் விழுந்துவிடுகிறார்கள்.

சரி, மூன்றாவது வழி. நான் பரிந்துரைப்பது இன்று உக்ரைனில் இருக்கும் லிவிவ். 1914இல் ஆஸ்திரியப் பேரரசின் மாகாணத் தலைநகர். 1918 நவம்பரில் போலந்துக்காரர்களும் உக்ரைனியர்களும் இதற்காகத் தெருத்தெருவாகச் சண்டையிட்டார்கள். போலந்து வென்ற கையோடு யூதர்கள் தாக்கப்பட்டார்கள். 1939 செப்டம்பரில் சோவியத் படை வந்தது, சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் ரயில்கள் புறப்பட்டன. 1941 ஜூனில் பின்வாங்கும்போது சோவியத் ரகசிய போலீஸ் சிறைக்கைதிகளை ஆயிரக்கணக்கில் சுட்டுக் கொன்றது. ஜூன் 30 அன்று ஜெர்மானியர்கள் நுழைந்தார்கள். பழி யூதர்கள்மேல் போடப்பட்டது, கொலைவெறி தொடங்கியது. சில நாட்களில் போலந்துப் பேராசிரியர்களைக் குடும்பத்தோடு பிடித்துச் சுட்டார்கள். நகரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் யூதர். 1944 ஜூலையில் சோவியத் படை திரும்பியபோது அவர்களில் மிகச் சிலரே மிஞ்சியிருந்தார்கள். போருக்குப் பின் போலந்துக்காரர்களும் மேற்கே அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பலர் போய்ச் சேர்ந்தது, ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்ட வ்ரோட்ஸ்வாஃப் நகரில்.

போரும் சர்வாதிகாரமும் தனித்தனிப் பாடம் ஆக முடியாது என்பது இங்கே நின்று பார்த்தால்தான் முழுதாக உறைக்கும். ஒரு ஆட்சி செய்த கொலை அடுத்த ஆட்சியின் கொலைக்குச் சாக்காகிறது. ஸ்டெஃபான் பனாக் என்ற மாபெரும் கணிதமேதை இந்த ஊரில் வாழ்ந்தவர். ஜெர்மன் ஆக்கிரமிப்பில், பேன்களைக் கொண்டு டைஃபஸ் காய்ச்சலுக்குத் தடுப்பூசி தயாரித்த ஆய்வகத்தில் அந்தப் பேன்களுக்குத் தன் ரத்தத்தைக் கொடுத்து உயிர் தப்பினார். 1945இல் நோயில் இறந்தார். லெம்கின், லௌட்டர்பாக்ட் ஆகிய இருவரும் இதே ஊரில் சட்டம் படித்தவர்கள். இனப்படுகொலை என்ற கருத்தை உலகச் சட்டத்துக்குக் கொடுத்தவர் முதலாமவர். மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் நியூரம்பர்க் விசாரணையில் இடம்பெற உழைத்தவர் இரண்டாமவர். இருவருமே குடும்பத்தில் பலரை இழந்தவர்கள்.

சிரமமும் உண்டு. வரைபடம் இல்லாமல் இந்த வழியில் இறங்கினால் பத்துப் பக்கத்தில் தலை சுற்றும். 1914, 1923, 1942, 1945 என நான்கு ஆண்டுகளின் வரைபடங்களையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். யார் எந்த ஆண்டில் எங்கே ஆட்சிக்கு வந்தார் என்று ஒரே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள்தான் நாடுவாரிப் படிப்பிலிருந்து கடன் வாங்க வேண்டியது.

அப்புறம், ஒரே நகரம் போதாது. லிவிவிலிருந்து பார்த்தால் ஸ்பெயின் தெரியாது, 1945 என்பது எல்லாருக்கும் முடிவு என்று தோன்றிவிடும். மேற்கிலிருந்து பார்சிலோனாவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1938 மார்ச்சில் இத்தாலிய விமானங்கள் குண்டு வீசிய அந்த நகரம் 1939 ஜனவரியில் ஸ்பெயின் சர்வாதிகாரி ஃபிராங்கோவிடம் விழுந்தது. அவர் ஆட்சி 1975இல் அவர் சாகும்வரை நீடித்தது.