கிடியனா, கின்ச்சா? வாய்த்துடுக்கான இரண்டு மிகுபுனைவுகள்

கிண்டலும் அலட்சியமும் நிறைந்த குரலில் சொல்லப்படும் மிகுபுனைவு (ஃபேன்டஸி) நாவலைத் தேடுபவர்களுக்கு இரண்டைப் பரிந்துரைக்கலாம்: டாம்சின் மியூரின் 'கிடியன் த நைன்த்' (2019), கிறிஸ்டோபர் பியூல்மனின் 'த பிளாக்டங் தீஃப்' (2021). முதலாவதை வெறுப்பவர்கள் சொல்லும் குறைகள் பலவும் உண்மையே என்றாலும், என் மனம் சாய்வது அதன் பக்கம்தான்.

பியூல்மனின் நாவல் எளிதில் நெருக்கமாகிவிடும். பயிற்சி தந்த திருடர் சங்கத்துக்குக் கடன்பட்ட கின்ச் தன் கதையைத் தானே சொல்கிறான். காப்ளின் என்ற கற்பனை உயிரினங்களுடனான போர்களில் ஆண்கள் பெருமளவில் மடிந்து, குதிரைகள் நோயில் அழிந்துபோன உலகை அவனே விளக்கிவிடுவதால், வாசகர் எங்கும் திகைத்து நிற்பதில்லை.

மியூர் அந்த வசதியைத் தருவதில்லை. ஒன்பதாம் குலத்தின் வாள்வீராங்கனையான கிடியன், தான் வெறுக்கும், பிணங்களை வைத்து மாயவித்தை செய்யும் பிணவித்தைக்காரி ஹாரோவுக்குத் துணையாகக் கேனன் மாளிகைக்குப் போகிறாள். அங்கே பிற குலத்தவர்கள் கூட்டமாக அறிமுகமாகும்போது யார் யாரென்றே பிடிபடாது. பத்தாயிரம் ஆண்டுப் பேரரசில் இணையக் காலத்து நையாண்டி ஒட்டவில்லை என்ற புகாரும் உண்டு. கதை படர்க்கையில் நடந்தாலும் எல்லாம் கிடியனின் பார்வையில்தான் தெரிகின்றன. அவளோ அரசியலையும் இறையியலையும் காதில் வாங்குவதே இல்லை.

என் தேர்வைத் தீர்மானித்தது மறுவாசிப்பு. முதல் முறை குழப்பமாகத் தோன்றிய இடங்களில், கிடியன் கவனிக்காமல் விட்டவை எல்லாம் கண்ணெதிரிலேயே எழுதப்பட்டிருந்ததை இரண்டாம் முறை கண்டேன். ஏழாம் குலத்து நோயாளி டல்சினியா கனிவாகப் பேசும் வரிகளை முடிவு தெரிந்தபின் படித்தால், ஒவ்வொன்றும் வேறு பொருள் கொள்கிறது. அன்பில்லாமல் வளர்ந்த கிடியன் தன்னைக் காத்துக்கொள்ளக் கற்ற வழியே அவளது கேலி என்பது புரிந்த பிறகு, முன்பு சிரிக்க வைத்த வாக்கியங்களைக் கடப்பது கடினமாகிறது.

கின்ச்சின் கதையை ஒரே முறைதான் படித்திருக்கிறேன் என்பதால், அது மறுவாசிப்பில் எப்படி நிற்கும் என்று உறுதியாகச் சொல்ல இயலாது. இப்போதைக்கு, களைப்பான வாரத்தில் வாசிக்க அதையும், பொறுமையோடு அமர முடிகிற காலத்துக்குக் கிடியனையும் பரிந்துரைப்பேன். ஆனால் 2020-இல் வந்த அடுத்த பாகமான 'ஹாரோ த நைன்த்' பெரும்பகுதி 'நீ' என்று முன்னிலையில் நகர்ந்து, இதைவிடவும் அதிகக் கவனம் கேட்கிறது. முதல் பாகத்தை மறுபடி வாசித்துவிட்டு அதற்குள் நுழைவதே நல்லது.